ஸ்பிரிண்ட் நிலவரத்தை ஸ்டேக்ஹோல்டர்களுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்? மெயில் போகிறது, யாரும் படிப்பதில்லை

நடுவில்_நிற்பவன்

வணக்கம் நண்பர்களே. எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் டீமுக்கு ஸ்க்ரம் மாஸ்டராக (ஸ்க்ரம் முறைப்படி வேலை நடக்கிறதா என்று பார்த்துக்கொள்பவர்) இருக்கிறேன். ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று வேலை, இரண்டு வாரம். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டேக்ஹோல்டர்களுக்கு (விற்பனை, நிதி, சட்டம் என எங்கள் வேலையோடு தொடர்புள்ள பிரிவினருக்கு) ஸ்டேட்டஸ் மெயில் போகும். பாயிண்ட் கணக்கு (ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று டீம் போடும் மதிப்பீடு), பர்ன்டவுன் படம் (மீதி வேலை குறைவதைக் காட்டும் கோடு), ஜிரா (வேலைகளைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) லிங்க் எல்லாம் அதில் உண்டு. ஆனால் படித்த தடயமே இல்லை. திங்கட்கிழமையானால் விற்பனைத் தலைவர் நேராக டெவலப்பரைக் கூப்பிட்டு "அந்த ஸ்கிரீன் வந்துடுமா?" என்று கேட்கிறார். நிதிப் பிரிவிலிருந்து "64 சதவீதம் முடிந்தது என்றீர்களே, முடிந்த வரைக்கும் வெளியிட வேண்டியதுதானே?" என்று பதில் வருகிறது. சட்டப் பிரிவு பதிலே போடுவதில்லை.

டேஷ்போர்டு போட்டுக் கொடுத்தோம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்கிறார்கள்.

எந்த வடிவத்தில் அனுப்பினால் படிப்பார்கள்? நல்ல டெம்ப்ளேட் இருந்தால் பகிரவும்.

பேக்லாக்_பித்தன்

டெம்ப்ளேட் அப்புறம். போன வாரம் அனுப்பிய மெயிலை அப்படியே இங்கே ஒட்டுங்கள், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு.

நடுவில்_நிற்பவன்

இதோ:

பொருள்: ஸ்பிரிண்ட் 14, வார நிலவரம்
திட்டமிட்டது: 42 பாயிண்ட். முடிந்தது: 27. நடப்பில்: 11. தொடங்காதவை: 4.
முந்தைய ஸ்பிரிண்ட்களின் சராசரி வெலாசிட்டி: 38
தடைகள்: 1. பேமென்ட் கேட்வே வெப்ஹுக் டைம்அவுட். 2. ஆட்டோ ரினியூவல் ஒப்புதல் வாசகம், சட்டப் பிரிவிடம் நிலுவை.
நிலை: பச்சை
பர்ன்டவுன் இணைப்பில்.

இந்த வடிவம் நான் வருவதற்கு முன்பே இங்கே இருந்தது. பக்கத்து டீம்களும் இதையேதான் அனுப்புகிறார்கள்.

பழைய_பிஎம்

நண்பரே, ஒரு கேள்வி. வெப்ஹுக் டைம்அவுட் ஆனால் வாடிக்கையாளருக்கு என்ன ஆகும்?

நடுவில்_நிற்பவன்

கேட்வேயிலிருந்து "பணம் வந்தது" என்ற உறுதிச் செய்தி தாமதமாக வருகிறது. அதற்குள் நம் திரை "பரிவர்த்தனை தோல்வி" என்று காட்டிவிடும். பணம் போயிருக்கும்.

பழைய_பிஎம்

அவர் மறுபடியும் பட்டனை அழுத்தினால்?

நடுவில்_நிற்பவன்

இப்போதைக்கு மறுபடியும் பணம் போகும்.

பழைய_பிஎம்

இது உங்கள் நிதித் தலைவருக்குத் தெரியுமா?

நடுவில்_நிற்பவன்

மெயிலில் இருக்கிறதே, தடை எண் 1.

பேக்லாக்_பித்தன்

😂 பாவம் அந்த மனிதர்.

கணக்குப்_பக்கம்

நான் டெக் ஆள் இல்லை. ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இருக்கிறேன், இந்த மாதிரி மெயில்கள் வந்து விழும் பக்கம். மருமகள் ஒரு புராடக்ட் ஓனர் (டீம் எதை முதலில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர்). அவள்தான் இந்த இழையை அனுப்பி "மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

உங்கள் மெயில் வந்தால் நான் கைபேசியில் முதல் இரண்டு வரி பார்ப்பேன். "42 பாயிண்ட்". பாயிண்ட் என்றால் மணி நேரமா, நாளா, பணமா? தெரியாது. கேட்டால் "ஒப்பீட்டு அளவு" என்பார்கள். எதோடு ஒப்பிட்டு என்று கேட்க எனக்கு நேரமில்லை. அடுத்து "நிலை: பச்சை". சரி, பச்சைதானே, மூடிவிடுவேன். தடை எண் 1 வரைக்கும் நான் போகவே மாட்டேன்.

"சில வாடிக்கையாளர்களிடம் இரண்டு முறை பணம் எடுக்கப்படலாம்" என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே போன் செய்திருப்பேன். கூடுதலாக எடுத்த பணத்தை யார் திருப்பிக் கொடுப்பது, எத்தனை நாளில், கணக்கில் எந்தத் தலைப்பில் காட்டுவது, வாடிக்கையாளர் வங்கியில் புகார் செய்தால் யார் பதில் சொல்வது என்று எனக்கு நாலு கேள்வி உடனே இருக்கிறது. இதெல்லாம் ஏற்பாடு செய்ய எங்களுக்கும் நேரம் வேண்டும்.

64 சதவீதம் பற்றி. எங்கள் வேலையில் 64 சதவீதம் வசூலானது என்றால் அந்தப் பணம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் "முடிந்ததை வெளியிடுங்கள்" என்று கேட்கிறோம். கிண்டல் இல்லை, உண்மையான கேள்வி அது.

பழைய_பிஎம்

கணக்குப்_பக்கம் ஐயா, நன்றி. நான் இரண்டு பக்கம் எழுதிச் சொல்ல நினைத்ததை முடித்துவிட்டீர்கள். மிச்சத்தை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டேட்டஸ் மெயில் படிக்கிறவர் மனதில் இருப்பது மூன்றே விஷயம். நான் எதிர்பார்த்தது சொன்ன நேரத்துக்கு வருமா? போன தடவை சொன்னதிலிருந்து எது மாறியது? என்னிடமிருந்து ஏதாவது வேண்டுமா? உங்கள் மெயிலில் இந்த மூன்றுக்கும் விடை இருக்கிறது, ஆனால் டீமுக்குள் பேசும் பாஷையில் இருக்கிறது. பாயிண்ட், வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் முடிக்கும் பாயிண்ட்) எல்லாம் டீம் தன் வேலையைத் தானே அளந்து பார்க்க வைத்துக்கொண்ட கணக்கு. அதை வெளியே அனுப்பினால் ஒன்று புரியாது, அல்லது தப்பாகப் புரியும். இரண்டாவதுதான் மோசம். "அந்த டீம் 60 செய்கிறதே, நீங்கள் ஏன் 38?" என்று யாராவது கேட்கத் தொடங்கினால், அடுத்த காலாண்டில் உங்கள் டீமும் 60 செய்யும். வேலை அதேதான் இருக்கும், மதிப்பீடு மட்டும் வீங்கியிருக்கும்.

அப்புறம், அந்த மெயிலில் ஸ்பிரிண்ட் இலக்கு என்று ஒன்றைக் காணோமே? 42 பாயிண்டில் எது முக்கியம், எது விட்டாலும் பரவாயில்லை என்று எப்படித் தெரியும்? 38 பாயிண்ட் முடித்தும் இலக்கைக் கோட்டை விடலாம். 25-இல் இலக்கைத் தொட்டும் விடலாம்.

நடுவில்_நிற்பவன்

இலக்கு இருக்கிறது: "ஏற்கெனவே சந்தாவில் இருப்பவர் யார் உதவியும் இல்லாமல் தானே புதுப்பித்துக்கொள்ள முடிய வேண்டும்." மெயிலில் போடும் வழக்கம் இல்லை.

பேக்லாக்_பித்தன்

அதுதான் மெயிலின் முதல் வரி.

விதிப்புத்தகம்

எனக்கு இந்த மெயிலே எதற்கு என்று புரியவில்லை. நிலவரத்தைக் காட்ட ஸ்க்ரமில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது, ஸ்பிரிண்ட் ரிவ்யூ. 2020-ஆம் ஆண்டு ஸ்க்ரம் கைடைத் திறந்து பாருங்கள்: ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு அதிகபட்சம் 4 மணி நேரம், சிறிய ஸ்பிரிண்டுக்கு அதைவிடக் குறைவு. அது சேர்ந்து வேலை பார்க்கும் அமர்வு, வெறும் பிரசன்டேஷனாகச் சுருக்காதீர்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. ஸ்டேக்ஹோல்டர் வந்து உட்கார்ந்து, வேலை செய்யும் மென்பொருளைத் தொட்டுப் பார்த்து, அடுத்து என்ன என்று பேச வேண்டும். 2001 அஜைல் (ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுப் பெயர்) கொள்கைகளிலேயே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் வேலை செய்யும் மென்பொருள் என்று சொல்லியாயிற்று.

வாராவாரம் மெயில் அனுப்பி அனுப்பி, ரிவ்யூவுக்கு வர வேண்டாம் என்று நீங்களே அவர்களைப் பழக்கிவிட்டீர்கள். மெயிலை நிறுத்துங்கள், தானாக வருவார்கள்.

பழைய_பிஎம்

//மெயிலை நிறுத்துங்கள், தானாக வருவார்கள்//

வர மாட்டார்கள், போன் செய்வார்கள். திங்கட்கிழமை அந்த டெவலப்பருக்கு வந்த போன் மூன்று போன் ஆகும்.

ரிவ்யூதான் முக்கியம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரட்டைப் பணம் மாதிரி விஷயம் ஸ்பிரிண்டின் நான்காவது நாளில் தெரியவந்தால் ரிவ்யூ வரைக்கும் மடியில் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? மெயில் இருக்கட்டும், ஆனால் ரிவ்யூவில் சொல்ல வேண்டியதை அதில் திணிக்காதீர்கள். ரிவ்யூவில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கக் கூடாது. கெட்ட செய்தி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

விதிப்புத்தகம்

சரி, அவசரச் செய்திக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 11 பாயிண்ட் "நடப்பில்" என்ற வரிக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். டெஃபினிஷன் ஆஃப் டன்னை (ஒரு வேலை முடிந்தது என்று சொல்வதற்கான நிபந்தனைகளை) எட்டாத ஐட்டத்தை வெளியிடுவது இருக்கட்டும், ரிவ்யூவில் காட்டவே கூடாது, அது பேக்லாக்குக்கே (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலுக்கே) திரும்ப வேண்டும் என்பதுதான் கைடில் உள்ளது. பாதி வேலைக்குப் பாதி மார்க் கிடையாது.

சோதனைக்காரி

+1. நான் கியூஏ, மென்பொருளைச் சோதிப்பவள். அந்த "நடப்பில்" கட்டம் எப்படி நிரம்புகிறது என்று எங்களைக் கேளுங்கள்.

டெவலப்பர் கோடு முடித்து டிக்கெட்டை (ஜிராவில் அந்த வேலைக்கான பதிவை) "டெஸ்டிங்" கட்டத்துக்குத் தள்ளுவார். ஸ்பிரிண்டின் கடைசி இரண்டு நாளில் ஏழெட்டு டிக்கெட் ஒரே நேரத்தில் என் மேல் விழும். போர்டைப் பார்க்கிறவருக்கு எல்லாம் வலது பக்கம் வந்துவிட்டது, கிட்டத்தட்ட முடிந்தது என்று தோன்றும். அதில் மூன்று திரும்பிப் போகும். வெள்ளிக்கிழமை மெயிலில் "90 சதவீதம்", திங்கட்கிழமை ரிவ்யூவில் "இது இன்னும் தயாராகவில்லை". அப்போது எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அதனால் எங்கள் டீமில் சதவீதம் சொல்வதையே விட்டுவிட்டோம். ஒரு விஷயத்தை வாடிக்கையாளர் செய்ய முடியும் அல்லது முடியாது, அவ்வளவுதான். "கார்டில் புதுப்பிக்கலாம்: முடியும். தோல்வியானால் பாதுகாப்பாக மறுபடி முயலலாம்: இன்னும் முடியாது." இதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை.

(அந்த இரட்டைப் பணத்துக்கு: கேட்வே ஐடம்பொட்டன்சி கீயை, அதாவது ஒரு பரிவர்த்தனைக்கான தனி அடையாளத்தை, ஏற்குமா என்று பாருங்கள். முதல் முயற்சிக்கும் மறுமுயற்சிக்கும் ஒரே கீயை அனுப்பினால் இரண்டாவது முறை பணம் எடுக்காது. இழைக்குச் சம்பந்தமில்லை, மனசு கேட்கவில்லை.)

நடுவில்_நிற்பவன்

கீ பற்றி டீமிடம் சொல்லிவிட்டேன், நன்றி.

ஆனால் சதவீதமும் இல்லை, பாயிண்டும் இல்லை என்றால் மொத்தம் எப்போது முடியும் என்று கேட்பவருக்கு என்ன பதில்? விற்பனைத் தலைவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் வாடிக்கையாளரிடம் தேதி சொல்ல வேண்டும்.

வரைபடப்_பிரியை

இங்கேதான் பாயிண்ட் உதவும், ஆனால் திரைக்குப் பின்னால். மீதி 120 பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமீபத்திய ஸ்பிரிண்ட்களில் மோசமானது 31, நல்லது 44. 120-ஐ 44-ஆல் வகுத்தால் 2.7, 31-ஆல் வகுத்தால் 3.9. ஆக 3 முதல் 4 ஸ்பிரிண்ட், அதாவது 6 முதல் 8 வாரம். விற்பனைத் தலைவரிடம் "6 முதல் 8 வாரம், புதிதாக எதுவும் சேராவிட்டால்" என்று மட்டும் சொல்லுங்கள். சராசரி 38-ஆல் வகுத்து ஒரே தேதியைச் சொன்னால் அந்தத் தேதி தவறுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, ஆனால் கேட்டவர் அதைக் கல்லில் பொறித்துவிடுவார்.

"புதிதாக எதுவும் சேராவிட்டால்" என்பதைக் காட்டத்தான் படம் வேண்டும். அதற்கு பர்ன்டவுன் சரிப்படாது. ஒரு ரிலீஸுக்கு 180 பாயிண்ட் வேலை, மூன்று ஸ்பிரிண்டில் 90 முடித்தீர்கள், நடுவில் 50 சேர்த்துவிட்டார்கள். மீதி 140. பர்ன்டவுனில் கோடு 180-இலிருந்து 140-க்கு இறங்கியிருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு மூன்று ஸ்பிரிண்டில் 40தான் நடந்திருக்கிறது, டீம் தூங்குகிறது. பர்ன்அப்பில் இரண்டு கோடு: முடித்தது 0-இலிருந்து 90-க்கு ஏறும், மொத்த வேலை 180-இலிருந்து 230-க்கு ஏறும். மேல் கோடு ஏறிய இடத்தில் "இங்கே பரிசுக் கூப்பன் சேர்ந்தது" என்று ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள். யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை, கூப்பன் கேட்டவரே பார்த்துக்கொள்வார்.

ஜிரா ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டிலும் ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு சேர்ந்த டிக்கெட்டுக்கு நட்சத்திரக் குறி இருக்கும். நிறைய பேர் கவனிப்பதில்லை.

பேக்லாக்_பித்தன்

பாயிண்ட் பற்றி ஒரு கொசுறு. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் முறையை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பாயிண்டைத் தானே கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்று எழுதியிருக்கிறார். நாம் இன்னும் அதை மெயிலில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

விதிப்புத்தகம்

2011 கைடிலேயே ஸ்பிரிண்டில் எடுக்கும் வேலையை "உறுதிமொழி" என்பதை எடுத்துவிட்டு "முன்கணிப்பு" என்று மாற்றினார்கள். 2020-இல் உறுதிமொழி ஸ்பிரிண்ட் இலக்குக்குத்தான், டிக்கெட் பட்டியலுக்கு இல்லை. மெயிலில் "திட்டமிட்டது 42" என்று போட்டால் படிப்பவர் 42-ஐத்தான் உறுதிமொழியாக எடுத்துக்கொள்வார்.

நடுவில்_நிற்பவன்

எல்லாம் சரி. இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதுவரை சொல்லவில்லை. அந்த "பச்சை" நான் போட்டது இல்லை. நான் மஞ்சள் என்று போட்டிருந்தேன். எங்கள் மேலாளர் "மஞ்சள் போட்டால் மீட்டிங் வைப்பார்கள், நாமே சரி செய்துவிடலாம்" என்று மாற்றச் சொன்னார்.

சோதனைக்காரி

தர்பூசணி ரிப்போர்ட். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. எல்லா இடத்திலும் விளைகிறது.

பழைய_பிஎம்

உங்கள் மேலாளரைக் கெட்டவராக நினைக்க வேண்டாம். மஞ்சள் என்று சொன்னவர்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று பார்த்திருப்பார். மூன்று பேர் கூடி "ஏன் மஞ்சள்?" என்று ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, உதவி எதுவும் செய்யாமல் போயிருப்பார்கள். அப்படி நடந்தால் அடுத்த முறை யார் மஞ்சள் போடுவார்கள்?

நான் இரண்டு விஷயம் செய்து பார்த்திருக்கிறேன், இரண்டும் ஓரளவு பலித்தன. முதலாவது, நிறத்துக்கு முன்கூட்டியே விதி எழுதி ஸ்டேக்ஹோல்டர்களிடமே ஒப்புதல் வாங்குவது. ஸ்பிரிண்ட் இலக்கை எட்டுவோம் என்று டீம் நம்பினால் பச்சை. எட்ட வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு முடிவோ உதவியோ வேண்டும் என்றால் மஞ்சள். இந்த ஸ்பிரிண்டில் எட்ட முடியாது என்றால் சிவப்பு. விதி இருந்துவிட்டால் நிறம் யாருடைய கருத்தும் இல்லை. சட்டப் பிரிவின் பதில் வரவில்லை, ஆகவே மஞ்சள். மேலாளர் மாற்றச் சொன்னால் விதியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மஞ்சளோடு கூடவே கேள்வியையும் அனுப்புவது. "ஆபத்து இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் மீட்டிங்தான் வைப்பார்கள், அவர்களுக்கு வேறு என்ன வழி? "இதா அதா, புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்றால் பதில் போடுவார்கள்.

கணக்குப்_பக்கம்

//வேறு என்ன வழி?//

உண்மை. புரியாத ஆபத்துக்கு நாங்கள் மீட்டிங்தான் போடுவோம்.

வரைபடப்_பிரியை

ஒரே மெயிலை எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். சட்டப் பிரிவுக்கு ஸ்பிரிண்ட் நிலவரம் எதற்கு? அவரிடம் வேண்டியது ஒரு வாசகத்துக்கு ஒப்புதல். தனியாக, அந்த வாசகத்தையே மெயிலில் எழுதி, "இது சரியா?" என்று கேளுங்கள். பதினைந்து பேர் இருக்கும் பட்டியலில் கேட்ட கேள்வி யாரிடமும் கேட்ட கேள்வி இல்லை.

இரவு_டெப்லாய்

டெவலப்பர் பக்கத்திலிருந்து ஒன்று. நேராக எங்களைக் கூப்பிடும் பழக்கம் மெயில் மாறினால் மட்டும் போகாது. அவர் கூப்பிடுவதற்குக் காரணம் நாங்கள் உண்மையைச் சொல்கிறோம் என்ற நம்பிக்கை. "ஸ்கிரீன் வந்துடுமா?" என்றால் "அண்ணே, டவுட்டுதான்" என்று சொல்லிவிடுவோம். அதே நாளில் மெயில் பச்சை என்கிறது. அவர் எதை நம்புவார்?

"டெவலப்பர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று சுற்றறிக்கை விடாதீர்கள். எங்கள் இடத்தில் அப்படி விட்ட பிறகு விற்பனைத் தலைவர் தினசரி ஸ்க்ரமில் வந்து உட்காரத் தொடங்கினார். 15 நிமிடம், நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய நேரம், அவருக்கு ஒப்பிக்கும் நேரமாகிவிட்டது. கடைசியில் புராடக்ட் ஓனர் வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் அவரோடு டெஸ்ட் சூழலைத் திறந்து வைத்துப் பேசினார். போன் நின்றுவிட்டது.

நடுவில்_நிற்பவன்

அது எங்கள் புராடக்ட் ஓனரிடம் கேட்டுப் பார்க்கலாம். சரி, இந்த வெள்ளிக்கிழமைக்கு எழுதி வைத்திருக்கிறேன். தயவு பார்க்காமல் வெட்டுங்கள்:

பொருள்: சந்தா புதுப்பித்தல், 18-ஆம் தேதி வெளியீடு உறுதியில்லை. புதன்கிழமைக்குள் ஒரு முடிவு தேவை.

இலக்கு: சந்தாதாரர் தானே புதுப்பித்துக்கொள்ள முடிய வேண்டும். நிலை: மஞ்சள்.

இன்று முடிவது: கார்டு மூலம் புதுப்பிக்கலாம். டெஸ்ட் சூழலில் நீங்களே செய்து பார்க்கலாம்.

இன்னும் முடியாதது: பணம் செலுத்திய உறுதிச் செய்தி தாமதமானால் திரை "தோல்வி" என்று காட்டுகிறது. வாடிக்கையாளர் மறுபடி முயன்றால் இரண்டு முறை பணம் எடுக்கப்படலாம். இதைத் தடுக்கும் வேலை நடக்கிறது, செவ்வாய்க்கிழமை சோதனை.

போன வாரத்திலிருந்து மாறியது: பரிசுக் கூப்பன் இந்த ஸ்பிரிண்டிலிருந்து எடுக்கப்பட்டது, அடுத்த ஸ்பிரிண்டில் பேசுவோம்.

தேவைப்படும் முடிவு: செவ்வாய்க்கிழமை சோதனை தேறாவிட்டால், (அ) 18-ஆம் தேதி மறுமுயற்சி பட்டன் இல்லாமல் வெளியிடுவதா, (ஆ) ஒரு ஸ்பிரிண்ட் தள்ளிப்போடுவதா?

பாயிண்டும் பர்ன்டவுனும் டீமுக்குள்ளேயே இருக்கட்டும் என்று எடுத்துவிட்டேன். சட்டப் பிரிவுக்குத் தனி மெயில்.

சோதனைக்காரி

"செவ்வாய்க்கிழமை சோதனை" என்று என் சார்பில் தேதி கொடுத்திருக்கிறீர்கள் போல. உங்கள் கியூஏவிடம் கேட்டுவிட்டீர்கள்தானே?

நடுவில்_நிற்பவன்

கேட்டுத்தான் போட்டேன் 😀

பழைய_பிஎம்

முடிவு யாருடையது என்று இல்லையே. "தேவைப்படும் முடிவு" என்று பொதுவில் விட்டால் விற்பனை நிதியைப் பார்க்கும், நிதி விற்பனையைப் பார்க்கும். ஒருவரின் பதவியைக் குறிப்பிடுங்கள். டீமின் பரிந்துரை அ-வா ஆ-வா என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். கேட்பதோடு நிறுத்தினால் வேலையை அவர்கள் தலையில் கட்டியது மாதிரி இருக்கும்.

கணக்குப்_பக்கம்

எனக்கு மெயில் புரிகிறது, அதுவே பெரிய விஷயம். ஒரே ஒரு சந்தேகம். புதன்கிழமை நான் வெளியூரில் இருந்து பதில் போடவில்லை என்றால் என்ன ஆகும்? அதை எழுதவில்லை. நீங்கள் காத்திருப்பீர்களா, அல்லது எதையாவது செய்துவிடுவீர்களா?

நடுவில்_நிற்பவன்

நல்ல கேள்வி ஐயா. கடைசி வரியை இப்படி மாற்றிவிட்டேன்:

"முடிவு: நிதித் தலைவர். டீமின் பரிந்துரை (அ). புதன்கிழமை மாலை 5 மணிக்குள் பதில் இல்லையென்றால் (அ)-வின்படி மறுமுயற்சி பட்டனை எடுத்துவிட்டு வெளியீட்டுக்குத் தயார் செய்வோம்."

மேலாளர் இப்போதுதான் பார்த்தார். மஞ்சளை மாற்றச் சொல்லவில்லை, "5 மணி" என்பதை மட்டும் "3 மணி" ஆக்கச் சொன்னார், அன்றைக்கே பில்டு போட நேரம் வேண்டுமாம். மாற்றிவிட்டு அனுப்புகிறேன்.